வழிகாட்டி இல்லாத நடை

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன சித்தப்பா மகன், லீவில் வந்தபோது ஒரு காகிதத்தைக் காட்டினான். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் வரைபடம். "கைடு யாரும் வேணாண்ணே. இதப் பாத்துக்கினு நாமளே நடக்கலாம். மரத்துக்கு மேல 250 மீட்டருக்குத் தொங்குபாலம் போட்டுருக்கான். சீனன், மலாய்க்காரன், நம்மாளு எல்லாம் அதே வழிதான். எந்தத் தெருன்னு ஒருத்தன் கேக்கல." காட்டைப் பார்த்த சந்தோஷத்தைவிட, யாரும் கேட்காத சந்தோஷம்தான் அவன் பேச்சில் தெரிந்தது.

எங்கள் சேரி திண்டிவனத்துக்குக் கிழக்கே. ஏரிக்குக் குறுக்குவழி ஊர்த் தெரு. அதில் போனால் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அந்த அவமானம் வேண்டாமென்று அம்மா என்னை வரப்பு மேல் சுற்றிக் கூட்டிப்போவாள். எது நண்டு வளை, எது பாம்பு வளை, நாரை எந்தத் தண்ணியில் நிற்கும் என்பதெல்லாம் அந்தச் சுற்றுவழியில் கற்றதுதான். அதை நினைத்து நான் நெகிழலாமா? கற்றது நிஜம். சுற்ற வைத்தது அநியாயம். வரப்பு அழகாக இருந்தது என்பதற்காக ஊர்த் தெருவை மன்னித்துவிட முடியாது.

'நீயே நடந்து பார்' என்று ஒருவனிடம் சொல்ல வேண்டுமானால், அவனை யாரும் மறிக்க மாட்டார்கள் என்பது முதலில் உறுதியாக வேண்டும். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கத்தான் ஜெயிலுக்குப் போனார்கள். அதே ஆண்டு பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1927இல் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இதற்கெல்லாம் பிறகும், 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்பா ரொம்ப நாளைக்கு அந்த டவுன் பக்கம் தனியாகப் போனதில்லை.

அப்படியானால் சிங்கப்பூர் சொர்க்கமா? 2020இல் கொரோனா வந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் வெளியே நடமாட ஆரம்பித்த பிறகும் இவர்களுக்குக் கட்டுப்பாடு வெகுகாலம் நீடித்தது. தெருவைக் கேட்காத ஊர், வொர்க் பர்மிட்டைக் கேட்டது. காடு யாரையும் தடுப்பதில்லை என்பது சரிதான். ஆனால் காட்டுக்குப் போகிற வழி மனுஷன் கையில் இருக்கிறதே!

போன மாசம் அம்மாவைத் திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 2 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளம் அடித்து வந்தவை என்கிறார்கள். வாசலிலேயே அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"கோயில் இல்லம்மா இது."

"தெரியும்டா. யாராவது எதனா சொல்லுவாங்க."

சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இருந்தாலும் பாதித் தூரம் செருப்பு அவள் கையிலேயே இருந்தது. வெயிலில் தரை சுட்ட பிறகுதான் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சட்டம் வழியைத் திறந்துவிட்டது. அந்தத் திரும்பிப் பார்க்கிற பார்வையை எடுக்க வேண்டிய வேலை யாருடையது? அவளுடையது அல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.