சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஊர்

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு அந்த ஒரு நாள் வந்தே தீரும். சாமான்களை லாரியில் ஏற்றியாயிற்று. மின்விசிறி, குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் சரிபார்த்தாயிற்று. குவார்ட்டர்ஸ் சாவியை நிலக்கரி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பம் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ கிளம்ப வேண்டியதுதான். பின்கட்டில் முப்பது வருடத்துக்கு முன் நட்ட மாமரம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அடுத்து வருகிறவர் அதன் காயைப் பறித்து ஊறுகாய் போடுவார்.

தன் பெயரில் ஒரு சதுர அடி மண்கூட இல்லாத ஊரின்மேல் இத்தனை பாசம் எப்படி வந்தது என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்குவதில்லை. நெய்வேலியில் வளர்ந்த இரண்டு பேர் உலகின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி ‘எந்த வட்டம்?’ என்பதுதான்; நகரியத்தின் பிளாக்குகளுக்கு அதுதான் பெயர். பதினாறாம் வட்டம் என்றால் நடராசர் கோயில் பக்கம். அங்கிருந்து பேச்சு பள்ளிக்கூடத்துக்கும் லிக்னைட் ஹாலுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் போய், யார் வீட்டுக் கொய்யாவைத் திருடினோம் என்பதில் வந்து நிற்கும். மரம் மூடிய அகலமான சாலைகள், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எல்லாரும் ஏதோ ஒரு ஷிப்டில் இருக்கும் தெரு. 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புக்கு வந்த நடிகர் விஜய் வேன்மேல் ஏறி, கூடி நின்ற கூட்டத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டபோது, அந்தப் படத்தில் தங்கள் ஊரைத் தேடிப் பார்த்துப் பூரித்தவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள்.

நகரியத்தை நிர்வகிப்பது நிறுவனம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஓட்டுக் கேட்டு வந்த வார்டு உறுப்பினரைப் பிடிக்க முடியாது. அப்படி ஒருவர் அங்கே இல்லை. சொத்தும் இல்லாமல் உள்ளூர் ஓட்டும் இல்லாமல் ஊரை நேசிப்பது ஒரு வகையில் மிகத் தூய்மையான நேசம் என்றுகூடச் சொல்லலாம். வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்ற கணக்கு அதில் கலக்கவில்லை. ஆனாலும் அந்த நேசத்துக்குக் கீழே ஒரு கேள்வி கிடக்கிறது. அந்த ஊர் எழும்ப வேண்டி வேறு ஊர்கள் எழுந்துபோயின. ஒருவருக்கு ஊர் கிடைக்க இன்னொருவர் ஊர் போயிருந்தால், கிடைத்தவரின் ஊர்ப்பற்றுக்கு ஏதேனும் கடன் உண்டா?

வரலாறு அதிகம் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை விடாமல் அரசின் காதில் போட்டார். பிற்பாடு திட்டத்துக்கு நிலமும் கொடுத்தார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. பள்ளிப் பாடத்தில் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்கிற தொழிற்சாலை அல்ல. அது நகரும். முன்னால் உள்ள நிலத்தைத் தின்று, பின்னால் மண்ணைக் கொட்டிக்கொண்டே போகும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டருக்குக் குறையாமல் மேல்மண்ணை அள்ள வேண்டும். கரிக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளுவதால், குழி உடைந்துவிடாதபடி இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்த வட்டாரம் இது. ஆகவே, ‘நிலம் கொடுத்தது அந்தக் காலத்து ஆட்கள், அது முடிந்த கதை’ என்று சொல்ல முடியாது. சுரங்கம் இருக்கும்வரை நிலம் கொடுப்பவர்களும் இருப்பார்கள்.

எழுந்துபோன ஊர்களுக்கு நகரியத்துக்குள்ளேயே சாட்சி உண்டு. வில்லுடையான்பட்டு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று காவடிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். வட்டம் என்றும் எண் என்றும் பிரித்த ஊருக்கு நடுவே ‘பட்டு’ என்று முடியும் கிராமத்துப் பெயர் எப்படி வந்தது? நகரியத்தைவிட அந்தப் பெயர் மூத்தது. கையில் வில்லோடு நிற்கும் சாமியை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அன்று திருவிழாவுக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் சொந்த ஊருக்கு வருகிறார்கள், மற்றவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள். கூட்டத்தில் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

நகரியத்துப் பிள்ளையின் தரப்பில் சொல்ல வேண்டியவை வலுவானவை. பிறக்கும் இடத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பாவுக்கு வேலை கிடைத்தது, அம்மா வந்தாள், பிள்ளை பிறந்தது. இதில் அந்தப் பிள்ளை யாரையும் விரட்டவில்லை. அடுத்து, மின்சாரம் நகரியத்துக்கு மட்டும் போகவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், புதுச்சேரி எல்லாம் அதில் பங்கு வாங்குகின்றன. கிராமங்கள் போனதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டுமென்றால், மாம்பலத்தில் ஏசி போடுகிறவருக்கும் அது வேண்டும். நகரியத்துக்காரர் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயமில்லை. மேலும், நிலம் கொடுத்த குடும்பங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அதே வட்டங்களில் குடியிருந்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே கொய்யாவைத் திருடின.

எல்லாம் உண்மை. குற்றம் இல்லை என்பதை இவை தெளிவாகவே நிறுவுகின்றன. ஆனால் கேட்டது கடனைப் பற்றி. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் குற்றவாளி ஆகமாட்டான். அந்தக் கடனில் வாங்கிய வீட்டில் குடியிருக்கும்வரை, கடன்காரன் வாசலில் வந்து நின்றால் ‘நீ யார்?’ என்று கேட்கவும் முடியாது. மாம்பலத்துக்காரருக்கும் நகரியத்துக்காரருக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. முன்னவருக்குச் சுவிட்ச் மட்டும் தெரியும். பின்னவர் ஆர்ச் கேட்டைத் தாண்டி மந்தாரக்குப்பத்துக்குக் காய் வாங்கப் போயிருக்கிறார், அங்கே காய் விற்ற அம்மாவின் ஊர் இன்று எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். கேள்விப்பட்டவரின் பொறுப்பு கேள்விப்படாதவரின் பொறுப்பைவிடக் கூடுதல்.

2023 ஜூலையில் நடந்ததைப் பார்க்கலாம். இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான கால்வாய் வெட்ட, சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிறுவனத்தின் வாதம் சட்டப்படி சரிதான்: நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது, பயிர் செய்ய வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. அப்படியும் ஏன் விதைத்தார்கள்? சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு விவசாயி உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி, விளைந்துவரும் பயிரை அழித்த காட்சி குறித்து வேதனைப்பட்டார். அறுவடைவரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. நீதிமன்றத்தால் முடிந்தது அவ்வளவு. கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிரை மிதித்தது பாவம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்காது. ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் நகரியத்தில் இரண்டு வகைப் பேச்சு எழுந்திருக்க வாய்ப்புண்டு. ‘பணம் வாங்கினவர்கள்தானே’ என்பது ஒன்று. வாய்க்குள்ளேயே நின்றுவிட்ட சங்கடம் இன்னொன்று. முதல் பேச்சைப் பேசியவரும் ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் என்பதுதான் இதில் விசித்திரம். வாழ்ந்த வீட்டைக் கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்க்கிற வலி இன்னதென்று தமிழ்நாட்டில் வேறெந்த நகரத்தாரைவிடவும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு புறப்பாடும் சமம் என்று சொல்ல வரவில்லை. ஓய்வு பெறுகிறவருக்குத் தேதி வேலையில் சேர்ந்த அன்றே தெரியும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும். அவர் விட்டுப்போன வட்டம் அதே இடத்தில் இருக்கும், பேரனைக் கூட்டிவந்து காட்டலாம். நிலம் கொடுத்தவருக்கு நோட்டீஸ் வந்த அன்றுதான் தேதி தெரியும். அவர் பேரனுக்குக் காட்ட ஊர் இல்லை, பள்ளம் இருக்கிறது. அல்லது பள்ளத்தை மூடிய மண்மேடும் அதில் நட்ட மரங்களும் இருக்கின்றன. இப்படிச் சிறிய வலி தெரிந்தவருக்குப் பெரிய வலி புரிய வேண்டும். புரியாமல் போனால் அந்த ஊர்ப்பாசம் தன் வீட்டு மாமரத்தோடு நின்றுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

‘நம்ம நெய்வேலி’ என்று நகரியத்தார் மட்டும் சொல்வதில்லை. 2002 அக்டோபரில் காவிரிப் பிரச்சினையின்போது, கர்நாடகத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித் திரையுலகமே பாரதிராஜா தலைமையில் நெய்வேலிக்கு வந்து போராடியது. 2013-இல் மத்திய அரசு நிறுவனத்தின் பங்கை விற்க முனைந்தபோது, தனியார் கைக்குப் போகக் கூடாதென்று தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டன. மாநிலமே சொந்தம் கொண்டாடிய தருணங்கள் இவை. தவறு ஒன்றும் இல்லை. அந்த ‘நம்ம’வுக்குள் மந்தாரக்குப்பமும் கம்மாபுரமும் வளையமாதேவியும் எப்போது வந்தன, எப்போது வெளியே நின்றன என்று மட்டும் எண்ணிப் பார்க்கலாம். மின்சாரம் நம்முடையது, கரி நம்முடையது, குழி மட்டும் அவர்களுடையது என்று ஆகிவிட்டது.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. நிரந்தர வேலை என்ற வாக்கு அடுத்தடுத்த தலைமுறைக்கு வரும்போது ஒப்பந்த வேலையாகச் சுருங்கிவிட்டது. நிலம் கொடுத்த வீட்டுப் பையன், அதே நிலத்தில் தோண்டிய சுரங்கத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போவான். 2020 ஜூலை 1-ஆம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் அன்றே இறந்தார்கள், பின்னர் மருத்துவமனையில் மேலும் சிலர். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். ஊரை நேசிக்கிறவர்களின் நினைவில் அந்தத் தேதி புத்தகக் கண்காட்சிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை அவரவர் சொல்லட்டும்.

இதற்கு எதிராக ஒரு முணுமுணுப்பு வரும்: ஊரை நேசிக்கவே இத்தனை கணக்கா? நேசம் கணக்குப் பார்க்காதது அல்லவா? சொத்துக் கணக்கு பார்க்காமல் நேசித்ததால்தான் நகரியத்தாரின் பாசத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று மேலே சொல்லியாயிற்று. அதே மனதுக்கு அடுத்தவர் இழந்ததை எண்ணிப் பார்ப்பது பெரிய பாரம் அல்ல. ஜெர்மனியின் லுட்செராத் என்ற சிற்றூரையும் பழுப்பு நிலக்கரிக்காகத்தான் 2023 ஜனவரியில் காலி செய்தார்கள். நெய்வேலியில் மண் அள்ளும் ராட்சதச் சக்கர இயந்திரத்தின் வம்சம்தான் அங்கும். அந்தச் சிற்றூருக்காக நிற்க, அங்கே ஒருநாளும் குடியிருந்திராதவர்கள் குளிரில் வந்து மரங்களில் குடிசை கட்டி உட்கார்ந்தார்கள். ஊர் தப்பவில்லை. பெயர் தப்பியது.

நகரியத்துக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் அனல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. 2001 கணக்கெடுப்பைவிட 2011-இல் நகரியத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். நிறுவனம் ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் கால் பதித்துவிட்டது. கரி தீர்ந்த பிறகு ஒரு சுரங்க ஊர் என்ன ஆகும் என்று தெரிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகின்றன. நிறுவனம் கட்டிய ஊர் நிறுவனத்தோடு போகும்போது, அந்த ஊருக்காகப் பேச வேறு ஆள் வேண்டும். இன்று வளையமாதேவிக்காகப் பேசாத நகரியத்துக்கு நாளை யார் பேசுவார்கள்?

தீர்ப்பு இதுதான்: நெய்வேலியை நேசிப்பது தவறில்லை. பிடித்த ஊரை மனதிலிருந்து பிடுங்கிப் போடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நகரியத்தின் மரநிழலை நேசிப்பவர், நிலம் இழந்து மாற்றுக் குடியிருப்பில் பட்டா கேட்டு மனு எழுதுகிறவரோடு ஒரு கையெழுத்துப் போடக் கடமைப்பட்டவர். ஒப்பந்தத் தொழிலாளர் போராடும்போது ‘ஊர் பேர் கெடுகிறது’ என்று சொல்லாமலிருக்கக் கடமைப்பட்டவர். நெய்வேலி என்ற பெயரில் வரும் வேலி தமிழில் நில அளவும் ஆகும், ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஊரின் பெயர்க்காரணம் எதுவானாலும், அந்த அளவில் நிலம் வைத்திருந்தவர்களும் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களும் இருந்த இடம் அது. நட்டவர்களுக்கு இழப்பீட்டுப் பட்டியலில்கூட இடம் கிடைப்பது கடினம்.

பழைய மாணவர்கள் அடுத்த முறை நெய்வேலியில் கூடும்போது ‘எந்த வட்டம்?’ என்று கேட்டு முடித்த கையோடு, அந்த வட்டத்துக்கு முன்பு அங்கே எந்த ஊர் இருந்தது என்றும் கேளுங்கள். ஊர்ப் பெயர், கோயில் பெயர், ஏரிப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மந்தாரக்குப்பத்திலும் மாற்றுக் குடியிருப்புகளிலும் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1956-இல் பத்து வயதுப் பிள்ளையாக மாட்டு வண்டியில் ஏறி ஊரை விட்டவருக்கு இப்போது எண்பது வயது ஆகிறது.