இன்னோம் பள்ளத்தாக்கு

எருசலேமின் பழைய நகரத்துக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. இன்னோம் என்பது அதன் பெயர். எபிரேயத்தில் 'கே' என்றால் பள்ளத்தாக்கு. 'கே இன்னோம்' கிரேக்கத்தில் 'கெகென்னா' ஆனது, அரபியில் 'ஜஹன்னம்' ஆனது. புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வரும் அந்தச் சொல்லை நாம் 'நரகம்' என்றே வாசித்துப் பழகிவிட்டோம். அடியில் ஓர் ஊர்ப்பெயர் இருப்பது கண்ணில் படுவதில்லை.

அங்கே நடந்ததை வேதாகமம் மறைக்கவில்லை. பள்ளத்தாக்கில் தோப்பேத் என்றொரு இடம். மோளேகு என்ற தெய்வத்துக்கென்று பெற்றவர்களே பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தார்கள். ஆகாஸ், மனாசே என்ற யூதாவின் அரசர்களே அதைச் செய்தார்கள். கி.மு. 622 வாக்கில் அந்த இடத்தைத் தீட்டாக்கி, வழக்கத்தை நிறுத்த முயன்றவன் யோசியா, மனாசேயின் பேரன். இப்படியொன்றைக் கடவுள் கேட்டதே இல்லை, நினைத்ததுகூட இல்லை என்று தீர்க்கதரிசி எரேமியா கதறினார்.

இன்னோம் நகரத்தின் குப்பைமேடாக இருந்தது, அங்கே இரவும் பகலும் நெருப்பு எரிந்தது, அதனால்தான் நரகத்துக்கு அந்தப் பெயர் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். இதற்குத் தொல்லியல் சான்று கிடையாது. தென் பிரான்சில் வாழ்ந்த யூத அறிஞர் தாவீது கிம்கி 1200 வாக்கில் எழுதிய உரையில்தான் இந்த விளக்கம் தெளிவாக வருகிறது. ஆனாலும் இது நிலைத்துவிட்டது. குப்பை எரிந்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் எரிந்ததற்குத் தகப்பன்மார் பதில் சொல்ல வேண்டும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு குழந்தையைச் சீடர்களின் நடுவே நிறுத்துகிறார். சிறியவர்களுக்கு இடறலாக இருப்பவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறார். அந்தப் பேச்சில்தான் கெகென்னா வருகிறது. எச்சரிக்கை பெரியவர்களுக்கு. அதே சொல்லை வைத்து ஞாயிறு பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளையைத் தூங்கவிடாமல் பயமுறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னோமைப் பற்றிச் சொல்ல வேறொன்று இருக்கிறது. 1979இல் அதே பள்ளத்தாக்கின் சரிவில், பழங்காலக் கல்லறை ஒன்றில், தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காயின் குழு இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. விரித்தால் பெரியது 10 சென்டிமீட்டர்கூட இல்லை. கி.மு. 7-6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நமக்குக் கிடைத்த வேதாகம வாசகங்களில் இவற்றைவிடப் பழையவை இல்லை. அவற்றில் பொறித்திருப்பது எண்ணாகமத்தில் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தின் வரிகள். யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சொல்வதும் அந்த ஆசீர்வாதத்தைத்தான்.