நாணமும் இளிவரலும்

வெள்குதல் என்னும் பழைய வினையிலிருந்து பிறந்த சொல் வெட்கம். கூசுதலிலிருந்து வந்தது கூச்சம். பேரொளியில் கண் கூசும், புளிப்பில் பல் கூசும், பலர் முன் நிற்கையில் உடலே கூசும். சங்கடம் வடசொல், குறுகிய, நெருக்கமான இடம் என்பது அதன் முதற்பொருள். முன்னே செல்லவும் இயலாது, பின்னே திரும்பவும் இயலாது நிற்பவரின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஆனால் இன்று இரு வேறு உணர்வுகளை வெட்கம் என்ற ஒரே சொல்லில் நாம் குழப்பிக்கொள்கிறோம். முன்னோர் அவ்வாறு குழப்பவில்லை. திருக்குறளின் 102ஆம் அதிகாரமாகிய நாணுடைமை, தகாத செயலை எண்ணி வரும் நாணத்தைப் பேசுகிறது. பிறருக்கு வரும் பழிக்கும் நாணுவோரை உயர்த்துகிறது. தொல்காப்பியரோ எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலை வைத்து, அது பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கைக் கூறுகிறார். மென்மை என்பதை நல்குரவு, அதாவது வறுமை, என விளக்குவர் உரைகாரர். இந்நான்கில் ஒன்றேனும் ஒருவர் செய்த குற்றமாகுமா? செய்ததற்காக வருவது நாணம். நேர்ந்ததற்காக வருவது இளிவரல்.

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் வீட்டுப் பொறுப்பாளர், தலைவரின் உடைமையைப் பாழாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். அதற்காக அவர் வெட்கினார் என்று ஒரு சொல்லும் இல்லை. இரந்து உண்ணத்தான் அவருக்கு வெட்கம்! அவரைப் பார்த்து நகைக்க நமக்குத் தகுதியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குத் திருவிழாவுக்கு வந்த நன்கொடைகளைத் திருப்பலியின் முடிவில் பெயரோடும் தொகையோடும் வாசித்தோம். பத்தாயிரம், ஐயாயிரம் என்று இறங்கிவந்த பட்டியல், ஒரு மூதாட்டியின் இருபது ரூபாயில் முடிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தொல்காப்பியர் சொன்ன நான்கில் மூப்பும் மென்மையும் அவரிடம் இருந்தன. நாண வேண்டிய செயலோ நம்முடையது. நாம் நன்றாக வாசித்துவிட்டோம் என்ற நிறைவோடு பீடத்தைவிட்டு இறங்கினோம். அந்த முந்தானை நினைவுக்கு வர இரவாயிற்று.

அடுத்த ஆண்டு பெயர்களை மட்டும் அகரவரிசையில் வாசித்தோம். பெருந்தொகை வழங்கிய இருவர் மனம் வருந்தி, பங்கு இல்லத்திற்கு வந்து காரணம் கேட்டனர். நேரமில்லை என்று சொல்லி அனுப்பினோம். சொல்லும்போதே நாக் கூசிற்று.