முக்கனிக் கலவையும் அத்துவிதமும்

ஆலங்குடி, வடகாடு வட்டாரத்துப் பலா பழுக்கும் கோடை மாதங்களில், கந்தர்வக்கோட்டை வீடொன்றில் மா, பலா, வாழை என்னும் முக்கனியையும் நறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்ப்பது எளிய அடுக்களை வேலையே எனினும், கலந்த பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றனவா, வெவ்வேறாகவே நிற்கின்றனவா என்னும் சைவ சித்தாந்தத்தின் பழைய வினா அந்தக் கிண்ணத்திலும் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்ட சிறுநூல். அதன் இரண்டாம் சூத்திரத்தை விளக்கும் வெண்பா ஒன்றில், இறைவன் எங்கும் நிறைந்திருக்கும் முறைக்குப் பழமும் அதன் சுவையும் உவமையாகின்றன. சுவையைப் பழத்திலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க முடியாது. ஆயினும் பழம் என்பதும் சுவை என்பதும் ஒரே பொருள் அல்ல. இந்தப் பிரிப்பின்மையையே அவர் ‘அத்துவிதம்’ என்கிறார். அச்சொல் ‘ஒன்று’ என்று பொருள்படாமல், இரண்டாகப் பிரிந்து நில்லாமையைக் குறிக்கிறது என்பதே சித்தாந்தத்தின் உறுதியான நிலைப்பாடு.

கிண்ணத்தில் நிகழ்வது இதனின் வேறு. எண்ணெய் தடவிய விரல்களால் சடை நீக்கி எடுத்த சுளையையும், மாந்துண்டுகளையும், கறுத்துவிடாதிருக்க இறுதியில் நறுக்கி எலுமிச்சைச் சாறு பிழிந்த வாழையையும் சேர்த்துச் சிறிது சர்க்கரை தூவி வைத்தால், அரைமணி நேரத்தில் சர்க்கரை பழங்களின் நீரை வெளியே இழுக்க, அடியில் மஞ்சள் சாறு ஊறி, வாழைத் துண்டிலும் பலாவின் மணம் ஏறிவிடும். பழத்தோடு பழம் சேரும் இச்சேர்க்கை இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவுக்கு உவமையாகாது. ஏனெனில் பழங்கள் ஒன்றுக்கொன்று நிகரானவை, சித்தாந்தத்திலோ உயிர் இறைவனுக்கு நிகரன்று.

எனினும் உயிரின் இயல்பை இக்கலவை வெகு நுட்பமாகக் காட்டுகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தானும் அடைவதைச் சித்தாந்திகள் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பர். தன்னைப் பிணிக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் இருளும், அருளைச் சார்ந்தால் ஒளியும் அதற்கு வாய்க்கின்றன. இவ்வாறு மாறுவதால் உயிருக்கெனத் தனி இருப்பு இல்லை என்று கொள்வோரும் உண்டு. அம்முடிவு பிழை என்பதற்குப் பலாமணம் ஏறிய அந்த வாழைத் துண்டே சான்று: கண்ணை மூடிக்கொண்டு வாயிலிட்டால் முதலில் எழுவது பலாவின் வாசம், பல்லில் பட்டதும் நாக்கு அறிவதோ வாழை.