அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார ஒரு வாக்கியம் போதும்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நாலு பேரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் போகும் அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் பை.

'அட்ஜஸ்ட்' என்ற இந்த ஆங்கில வினையின் வேர், 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் சொல் என்கிறார்கள். பிரெஞ்சு வழியாக வரும்போது 'நியாயம்' என்ற இன்னொரு வேரோடு அதைக் குழப்பிக்கொண்டார்களாம். பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது முதல் பொருள் மட்டும்தான்.

*

திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் பைக்குக்குச் செயின் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு விரலால் செயினை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பின்சக்கர நட்டைத் தளர்த்தினார். வலப்பக்கம் அரைச் சுற்று, இடப்பக்கமும் அதே அரைச் சுற்று. ஒரு பக்கம் மட்டும் திருகினால் சக்கரம் கோணிக்கொள்ளும். ரொம்ப இறுக்கவும் கூடாது. கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் செயின் உழைக்கும்.

பட்டறையில் 'அட்ஜஸ்ட் பண்ணு'. பஸ்ஸில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'. இடையில் வந்து ஒட்டிய 'கொள்'தான் எல்லாம் செய்கிறது. அது சேர்ந்ததும் எதிரில் இருக்கும் ஆளே திருகவேண்டிய நட்டு ஆகிவிடுகிறார். ஆங்கிலத்திலும் மனிதர்கள் புது இடத்துக்கு அட்ஜஸ்ட் ஆவதுண்டு. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் அதை இவ்வளவு உரிமையோடு கேட்டு வாங்குவது நம் பக்கத்து வழக்கம். எனக்கு இந்த உரிமை பிடிக்கும், பஸ்ஸுக்குள் இருக்கும்வரை.

*

கல்யாணமாகிப் போகும் பெண்ணிடம் அம்மா சொல்கிறாள்: "நீதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." மாப்பிள்ளையிடம் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. அங்கே வாய்ப்புக்கு ஈடாகப் பெண்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதற்கு அறிக்கையில் இருந்த சொற்களில் ஒன்று 'அட்ஜஸ்ட்மென்ட்'. திண்டிவனம் பேப்பர் கடையில் அதைப் படித்த யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

*

சில்லறை இல்லாத கண்டக்டர், இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு பத்து ரூபாய்த் தாளை நீட்டுவார். "ஆளுக்கு அஞ்சு. இறங்கி மாத்திக்குங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." தாள் யார் கைக்குப் போகிறதோ அவர் இறங்கும்வரை மற்றவர் கண்ணில் படும்படியே நிற்பார். அது ஒரு மரியாதை. முன்பு பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் முறுக்கோ வாழைப்பழமோ வாங்கிக் கணக்கு தீர்ப்பார்கள். இப்போது தாளை வைத்திருப்பவர் போனை எடுத்து, "ஜிபே பண்ணிடறேன், நம்பர் சொல்லுங்க" என்கிறார். மற்றவர் பெண்ணாக இருந்தால், அஞ்சு ரூபாய்க்காக நம்பர் கொடுக்கத் தயங்குகிறார்.