எல்லைகளுக்கு இடைப்பட்ட பொறுப்பு: உள்ளூராட்சிச் சங்கங்கள் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதன் கூடி வாழப் பிறந்தவன் என்பதை அரிஸ்டாட்டில் முதற்கொண்டு சிந்தனையாளர் பலரும் வற்புறுத்தியுள்ளனர். தனிமனிதர் கூடி ஊராகின்றனர். ஊரவர் தம் பொதுக் காரியங்களைப் பார்க்க ஒரு மன்றத்தை அமைக்கின்றனர். அம்மன்றங்களும் தனித்து நின்று எல்லாவற்றையும் ஆற்ற இயலாமையால் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொள்கின்றன. முதல் இரு நிலைகளைப் பற்றி அரசியல் மெய்யியல் நிறையவே பேசியிருக்கின்றது. மூன்றாவது நிலையோ பெரும்பாலும் நிருவாக நூல்களுக்குள் அடங்கிவிடுகின்றது. ஆயினும் அங்கும் ஓர் ஒழுக்கவியல் வினா உண்டு. மன்றங்களின் சங்கம் யாருக்குக் கடமைப்பட்டது? தன்னில் அங்கம் வகிக்கும் மன்றங்களுக்கா, அல்லது அம்மன்றங்களுக்குப் பின்னால் நிற்கும் ஊரவர்க்கா? இவ்வினாவை, அம்பாறைக் கரையோரத்துச் சிற்றூர்களுள் ஒன்றாகிய மாவடிப்பள்ளியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கம் தோன்றிய நியாயம்

உள்ளூராட்சி மன்றங்கள் தமக்குள் இணைய வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1913இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் உள்ளூராட்சிகளின் சர்வதேச ஒன்றியம் உருவாயிற்று. அதுவும் பிற அமைப்புகளும் ஒன்றாகி 2004இல் இன்றைய உலக அமைப்பாயின. பொதுநலவாய நாடுகளின் உள்ளூராட்சிகளுக்கென 1995இல் ஒரு பேரவை அமைந்தது. 2005இல் அபர்டீன் நகரில் அது உள்ளூர்ச் சனநாயகத்திற்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் உள்ளூராட்சி மன்றங்களின் சம்மேளனம் ஒன்று உண்டு. அங்கத்தவர்க்குப் பயிற்சியளித்தல், அனுபவங்களைப் பரிமாறுதல், மத்திய அரசிடமும் மாகாண நிருவாகத்திடமும் மன்றங்களின் சார்பிற் பேசுதல் ஆகியன இத்தகைய அமைப்புகளின் வழக்கமான பணிகளாகும்.

இப்பணிகள் வேண்டியவையே. சிறிய பிரதேச சபை ஒன்றின் தவிசாளர் தனியே கொழும்புக்குச் சென்று கேட்பதற்கும், பல சபைகள் ஒன்றாகக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. எனினும், வலிமை பெறுவதற்காகவே மன்றங்கள் இணைகின்றன என்று மட்டும் கூறினால், சங்கம் தவிசாளர்களின் சங்கமாகவே நின்றுவிடும். அவர்களுக்கு அப்பால் உள்ள ஊரவர் அதன் கணக்கில் வரமாட்டார்கள்.

தூரமாகிப்போன சபை

இவ்விடத்தில் நமது நாட்டு உள்ளூராட்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். ஊர்களுக்கு அண்மையில் இயங்கிய கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. தமது பிரதேசத்து நிருவாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுப்பதில் மக்கள் பயனுறப் பங்கேற்க வேண்டும் என்பதே அச்சட்டம் தனக்கு வகுத்துக்கொண்ட குறிக்கோள். சபையின் அங்கத்தவர் அல்லாத ஊரவரையும் ஆலோசனைக் குழுக்களிற் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது இடமளிக்கின்றது. ஆகவே, கதவு சட்டத்திலேயே இருக்கின்றது. அதைத் திறப்பதும் திறவாது விடுவதும் சபையின் மனப்பாங்கைப் பொறுத்ததாகும்.

காரைதீவுப் பிரதேச சபையின் எல்லைக்குள் காரைதீவு, மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி ஆகிய ஊர்கள் அடங்குகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒரே வரவு செலவுத் திட்டத்தைப் பங்கிட வேண்டிய சபை அது. இத்தகைய சபையில் சிற்றூர் ஒன்றின் குரலுக்குரிய இடம் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானிக்கப்படுமாயின், சிறியது என்றும் சிறியதாகவே இருக்கும். சபைக்குள் சிற்றூர் நிற்கும் நிலையிலேதான் சங்கத்துக்குள் சிறிய சபையும் நிற்கின்றது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

நீர் காட்டிய உண்மை

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்த துயரம் இக்கரையோரத்தவர் எவரும் மறக்கக்கூடியதன்று. நிந்தவூரில் மத்ரசாக் கல்வி பெற்று, சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளை நோக்கித் திரும்பிய மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர் பலர் உயிரிழந்தனர்.

இத்துயரத்திற்கு எவரையும் குற்றவாளியாக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அது உணர்த்தும் ஓர் உண்மையையே நாம் நோக்க வேண்டும். பிள்ளைகள் கற்றது ஒரு பிரதேச சபையின் எல்லையில். அவர்களுடைய வீடுகள் இருந்தது இன்னொன்றின் எல்லையில். உயிர் பிரிந்தது மூன்றாவதின் எல்லையில். பிரதான வீதிகளோ பிரதேச சபைகளின் பொறுப்பில் இல்லை. அவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. வயல்வெளிகளையும் வாய்க்கால்களையும் பார்ப்பன வேறு திணைக்களங்கள். மேற்கே வயல்களில் நிறைந்த மழைநீர் கடலை நாடி வருகையில் இவ்வெல்லைகளுள் எதனையும் அறியாது. தத்தம் கடமையைத் தத்தம் எல்லைக்குள் ஒவ்வொருவரும் குறைவறச் செய்தாலுங்கூட, எல்லைகளுக்கு இடையே ஒரு பொறுப்பு உரியவரின்றிக் கிடக்கும் என்பதை அந்த நீர் காட்டிற்று.

வேறொன்றையும் இங்கு நினைத்தல் வேண்டும். 2018இல் தெரிவான சபைகளின் பதவிக் காலம் 2023 மார்ச் 19ஆந் திகதியுடன் முடிவுற்றது. அம்மாதம் 9ஆந் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல் பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடைபெற்றதோ 2025 மே 6ஆந் திகதியில். கல்முனை மாநகர சபைக்கு, வழக்கின் காரணமாக, அன்றும் நடைபெறவில்லை. எனவே அந்த நவம்பர் வெள்ளத்தின்போது இப்பகுதிச் சபைகளிற் செயலாளர்களும் ஆணையாளர்களுமே இருந்தனர். மக்கள் தெரிந்த அங்கத்தவர் எவரும் இல்லை. அங்கத்தவர் இல்லாத காலத்தில் உள்ளூராட்சிச் சங்கம் யாருடைய சங்கமாக இருந்தது? ஊரவரோடு அதற்கு நேரிய உறவு இருந்திருப்பின் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதாகும். தவிசாளர்களோடு மட்டும் உறவு கொண்ட சங்கம், தவிசாளர்கள் நீங்கியதும் வெறும் பெயர்ப்பலகையாகிவிடும்.

உரியவரற்ற பொறுப்பை ஏற்பதே சங்கத்தின் ஒழுக்க நியாயம் என்று கொள்ளலாம். தனிச் சபையால் இயலாததும், மத்திய அரசுக்குப் புலப்படாததும் ஆன கடமைகள் உண்டு. அயற் சபைகள் மூன்றும் ஓரிடத்தில் அமர்ந்து, மழைக்காலத்தில் எந்த வீதியை எப்பொழுது மூடுவது, மூடியதை அயலூர்ப் பாடசாலைக்கும் மத்ரசாவுக்கும் யார் அறிவிப்பது என்று முன்னரே உடன்படுதல் அத்தகைய கடமை. அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இது எமது எல்லைக்குள் இல்லை என்று கூறாத மனம் வேண்டும்.

எல்லை கடந்து இணைவது தானாகவே நன்மை பயக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் பல ஊர்களின் குப்பை ஒரே இடத்திற் கொட்டப்படுகின்றது. அங்கே பிளாத்திக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 சனவரியில் உலகெங்கும் பரவியது. ஊர்கள் அங்கே குப்பையைப் பகிர்ந்துகொண்டன, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே நமது வினாவின் மையமாகும்.

ஊரின் முயற்சியும் அதன் குறைபாடும்

ஊரவர் முயற்சி என்பது சபைகளும் சங்கங்களும் வந்து கற்பிக்க வேண்டிய ஒன்றன்று. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிற் குடிவழியாக மரைக்காயர்களைத் தெரிந்து பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வயல்நிலங்களில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க வட்டை விதானை இருந்தார். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம் எனப் பல அமைப்புகள் இன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 10,000இற்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டபொழுது, முதலிற் கைகொடுத்தவர் அயலவரே. நிறுவனங்கள் பின்னரே வந்தன.

எனினும் ஊரின் அமைப்புகள் அனைத்தும் நீதியானவை என்று கொள்ளவும் இயலாது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு எடுத்துரைக்கின்றோம். குடவோலை முறையை விரித்துரைக்கும் அக்கல்வெட்டுகளே, கால்வேலி நிலமேனும் இல்லாதவன் பெயரைக் குடத்திலிடத் தகாது என்றும் விதித்தன. நிலமற்றோரும் பெண்களும் அம்முறைக்கு வெளியே நின்றனர். இன்றும் ஊர்க் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் வசதியுள்ள ஆண்களே. 2018ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெண்களுக்கு 25 சதவீத இடம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டமை இக்குறையை உணர்ந்ததன் பயனாகும். ஆகவே ஊரவரின் முயற்சிக்கு ஆதரவளிக்கும் சங்கம், அம்முயற்சியில் யார் இடம்பெறவில்லை என்றும் வினவ வேண்டும்.

உதவியின் எல்லை

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். மக்கள் தெரிந்தது சபையை, சங்கத்தை அன்று. சங்கம் ஊரோடு நேரே உறவு கொள்ளுமாயின், தெரிவான சபையைப் புறக்கணித்ததாகாதா? இத்தடை வலுவுள்ளதே. பணமும் வாகனமும் கொண்டு மேலிருந்து வரும் உதவி, ஊரின் முயற்சியைத் தனதாக்கிக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஊரவர் வெட்டிய வடிகாலின் முகப்பில் வேறொருவர் பெயர் பொறித்த கல் நிற்கும். அடுத்த ஆண்டு வடிகால் தூர்ந்தால், பெயருக்குரியவர் வந்து பார்க்கட்டும் என்று ஊரவர் ஒதுங்கிவிடுவர். உள்ளூராட்சி மன்றங்களைக் குடிமைப் பண்பின் பாடசாலையாகக் கருதினார் ஜோன் ஸ்ருவாட் மில். மாணவனின் கணக்கை ஆசிரியரே செய்து கொடுத்தால் அது கற்பித்தலாகாது.

ஆகையால் உதவிக்கு மூன்று நிபந்தனைகளைக் கூறலாம். ஊர் தொடங்கியதையே சங்கம் தாங்க வேண்டும். தான் தொடங்கியதை ஊரின்மீது சுமத்தலாகாது. உதவி, தெரிவான சபையின் ஊடாகவும் அதன் அறிவோடும் செல்ல வேண்டும். உதவி நீங்கிய பின்னரும் முயற்சி நிற்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்டம் இவ்வகையில் நோக்கத்தக்கது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேவைகளின் வரிசையைக் கிராம சபைக் கூட்டங்கள் விவாதித்தன. அதிற் குறைபாடுகளும் இருந்தன. ஆயினும், கருத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வழக்கத்திலிருந்து அது வேறுபட்டது.

முடிவுரை

உள்ளூராட்சிச் சங்கம் தன் அங்கத்தவரை ஈடுபடுத்துவது மாநாடுகளாலும் மலர்களாலும் மட்டும் நிகழ்வதன்று. மிகச் சிறிய சபை எழுப்பும் வினா சங்கத்தின் தீர்மானத்தை மாற்ற வல்லதாயின், அச்சபை மெய்யாகவே அங்கத்துவம் பெற்றதாகும். மாவடிப்பள்ளி போன்ற ஊர் ஒன்றின் அச்சம் அச்சிறிய சபையின் வினாவாக மாறக்கூடுமாயின், அவ்வூரும் அதன்வழிச் சங்கத்தின் அங்கமாகும். எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம்: சங்கம் மன்றங்களினூடாக மக்களுக்கே கடமைப்பட்டது, மன்றங்கள் இல்லாத காலத்திலும் அக்கடமை நீங்குவதில்லை.

ஆண்டுதோறும் கார்த்திகை மழை வரத்தான் போகின்றது. அம்மழைக்கு முன்னர் மூன்று சபைகளின் அங்கத்தவரும், விவசாயிகளும், மத்ரசா ஆசிரியரும், வாகன ஓட்டிகளும் ஒரு மண்டபத்திற் கூடி ஒரு பிற்பகலைச் செலவிடுவார்களாயின், உள்ளூராட்சி பற்றிய ஏட்டுக் கோட்பாடுகள் யாவற்றினும் அது மேலானதாகும். அக்கூட்டத்தை அழைக்க வேண்டியவர் யார் என்று ஒருவரையொருவர் நோக்கி நிற்பதை விடுத்து, அழைப்பது எமது கடமை என்று முன்வரும் சங்கமே சங்கம் என்னும் பெயருக்கு உரியது.