அறுபத்துமூவரும் நம் அயலவரும்

பெரிய சிவாலயங்களின் திருச்சுற்றில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருவுருவங்கள் வரிசையாக எழுந்தருளியிருப்பதை நாம் தரிசித்திருக்கின்றோம். ஏறத்தாழ ஒரே அளவினராய், கைகூப்பிய நிலையில் நிற்கும் அவர்கள் முதற்பார்வையில் ஒரே விதமானவர்களாகவே தோன்றுவர். கீழே எழுதப்பட்டுள்ள பெயரை வாசித்தாலன்றி ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது கடினம்.

ஆனால் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தைத் திறந்தவுடன் இந்த எண்ணம் மாறிவிடுகின்றது. தில்லையில் மண்பாண்டம் வனைந்த திருநீலகண்டர் அங்கே இருக்கின்றார். காஞ்சியில் ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், நாகப்பட்டினத்துக் கடலில் மீன் பிடித்த அதிபத்தர், திருவொற்றியூரில் எண்ணெய் ஆட்டிய கலியர், குழலூதி ஆநிரை மேய்த்த ஆனாயர், காட்டில் வேட்டையாடிய கண்ணப்பர், கண் பார்வையற்ற தண்டியடிகள், பாண்டிமாதேவியாகிய மங்கையர்க்கரசியார், இல்லறத்தை நீங்கிப் பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையார் என எத்தனை வகை மனிதர்! ஒருவர் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கையைப் போன்றதன்று. ஒருவர் குணமும் மற்றவர் குணமும் ஒன்றல்ல. மனிதர் எத்தனை விதமாக வாழ முடியும் என்பதைக் காட்டும் நூல் தமிழிலே ஒன்றைச் சொல்க என்றால் பெரியபுராணத்தையே முதலில் சொல்ல வேண்டும்.

சமய நூல் ஒன்று நல்வழி இது என்று ஒரே வழியைக் காட்டினாற் போதாதா? இத்தனை பேருடைய கதைகளை ஏன் சொல்ல வேண்டும்? இவ்வினாவைச் சற்றுச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலுக்கு வித்தான நிகழ்ச்சி

பெரியபுராணத்துக்கு மூலம் சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய திருத்தொண்டத்தொகை. பதினொரு பாடல்களே கொண்ட அப்பதிகம் தோன்றிய வரலாற்றைச் சேக்கிழார் கூறுகின்றார். திருவாரூரிலே தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தனர். சுந்தரர் அவர்களை மனத்தால் வணங்கியபடி, அவர்களிடையே வந்து நில்லாமல், இறைவனைத் தரிசிக்கச் சென்றார். இதைக் கண்ட விறன்மிண்ட நாயனார் சினங்கொண்டார். அடியார்களை வணங்காது செல்லும் இவரும் எமக்குப் புறம்பானவர், இவரை ஆட்கொண்ட இறைவனும் புறம்பானவர் என்று கூறிவிட்டார். அதன் பின்னர் இறைவன் அடியெடுத்துக் கொடுக்க, சுந்தரர் ஒவ்வோர் அடியாரையும் எண்ணித் தாம் அவர்களுக்கு அடிமை என்று பாடினார். அத்தொகையை நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியாக விரித்தார். 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கிய சேக்கிழார் அதனை நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களாலான பெருங்காப்பியமாக்கினார். செய்யுளை வாசிக்க இயலாதவரும் அறிந்து பயன்பெறும்படி ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1852 இல் அதனை வசன நூலாக்கி வெளியிட்டார்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மனிதரைக் கடந்து நேரே கடவுளிடம் போகலாம் என்ற எண்ணம் கண்டிக்கப்பட்ட இடத்திலேயே இந்நூலின் வித்து விழுந்தது. சந்நிதிக்குப் போகும் வழியில் இருப்பவர் யார் என்று நின்று பார்க்க வேண்டும் என்பதே அக்கண்டனத்தின் பொருள்.

ஒரு மாணவனின் கேள்வி

அறநெறிப் பாடசாலையிலே ஒருமுறை மூர்க்க நாயனாரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சூதாடிப் பொருள் வென்று, அதைக் கொண்டு அடியார்களுக்கு அமுது செய்வித்தவர். கதை முடியுமுன்னே பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படியென்றால் சூதாடினாலும் நாயனார் ஆகலாமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

அம்மாணவனின் கேள்வி நியாயமானதே. மனைவியையே கேட்டவருக்குக் கொடுத்த இயற்பகையாரையும், பெற்ற பிள்ளையையே அரிந்து படைத்த சிறுத்தொண்டரையும் எண்ணும்போது நமக்கும் உள்ளம் நடுங்குகின்றது. இவற்றை நாம் பின்பற்றலாமா? ஒருபோதும் கூடாது. அவற்றைச் செய்யும்படி நூல் எவருக்கும் விதிக்கவுமில்லை. விதி நூல் வேறு, வாழ்க்கை வரலாற்று நூல் வேறு. விதி நூல் எல்லோருக்கும் ஒரே அளவுகோலைத் தருகின்றது. அதுவும் நமக்குத் தேவைதான். வரலாற்று நூலோ ஒருவர் தமக்குக் கிடைத்த பிறப்பு, தொழில், குணம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு எந்தத் திசையை நோக்கி நடந்தார் என்று காட்டுகின்றது.

திருக்குறிப்புத் தொண்டரை எண்ணிப் பாருங்கள். மாலைக்குள் ஆடையை உலர்த்தித் தருவதாக ஒரு முதியவருக்கு வாக்களித்தார். மழை விடவேயில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துணி துவைக்கும் கற்பாறையிலே தம் தலையை மோதினார். இறைவன் கை நீட்டித் தடுத்தருளினார். எங்கள் மலைநாட்டிலே மழைக்காலத்தில் துணி உலர்த்துவோருக்கு அவருடைய கவலை நன்கு விளங்கும். சலவைத் தொழிலுக்குள்ளேயே அவர் வாய்மையைக் கண்டார். தண்டியடிகள் நட்ட கம்புகளுக்கிடையே கட்டிய கயிற்றைத் தடவித் தடவி நடந்து குளத்து மண்ணைத் தோண்டினார். பூசலாரோ பொருள் கிடைக்காமையால் மனத்துள்ளேயே கோயில் எழுப்பினார். கையால் செய்தவரும் உண்டு, மனத்தால் செய்தவரும் உண்டு. செய்த செயல்கள் வேறுபட்டன. தமக்கென வைத்துக்கொள்ளாத அன்பு மட்டும் எல்லோரிடமும் ஒன்றாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மாணவனிடம், "தம்பி, மூர்க்கரின் கையில் இருந்த சூதாட்டக் கருவியைப் பார்க்காதே, வென்ற பொருளில் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனத்தைப் பார்" என்றேன். அவன் முழுமையாக ஏற்றுக்கொண்டானோ தெரியாது. ஆனால் தவறான தொழில் செய்பவனுக்குள்ளும் நல்ல மனம் இருக்கக்கூடும் என்பதை அன்று நானும் கற்றுக்கொண்டேன்.

அயல்நாட்டிலும் அயலிலும்

கிரேக்க நாட்டிலே கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ் என்னும் அறிஞர் மனித குணங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முகத்துதி செய்பவன், வாயாடி, கஞ்சன் என முப்பது வகையினரை அதில் வருணித்தார். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவ்வகைகளுக்குள் அகப்பட்ட மனிதனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, துயரமுமில்லை. மனிதரை வகைப்படுத்துவது எளிது. ஒருவரை அவராகவே அறிவதுதான் கடினம்.

பௌத்தர்களின் திரிபிடகத்தில் தேரிகாதை என்றொரு பகுதி உண்டு. பிக்குணிகளாகிய பெண்கள் தம் வாழ்வைத் தாமே சொல்வதாக அமைந்தது அது. கணவனையும் பிள்ளைகளையும் இழந்து பித்தான படாசாரை, கணிகையாக இருந்த அம்பபாலி, நீர் சுமந்த அடிமைப் பெண்ணாகிய புண்ணிகை ஆகியோர் அதிலே பேசுகின்றனர். அத்திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் மாத்தளையை அடுத்த அலுவிகாரை என்பது இலங்கை மரபு. கண்டியிலிருந்து அது தொலைவில் இல்லை. நம் அயலவரின் நூலும் நம்முடைய நூலும் பலவகை மனிதரின் வாழ்வை மதித்துப் பாதுகாத்துள்ளன. அறுபத்துமூவருள் ஒருவராகிய சாக்கிய நாயனார் பௌத்த உடையை மாற்றாமலேயே, நாள்தோறும் சிவலிங்கத்தின்மீது ஒரு கல்லை மலராக எறிந்து வழிபட்டவர். உடையைக் கண்டு ஒருவரை எடைபோடுவோருக்கு அவர் வரலாறு போதுமான பாடமாகும்.

எழுதப்படாத ஏடுகள்

கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். அம்மலைகளில் காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டவர்களின் பெயர்களை அறியார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இக்குறையை உணர்ந்தவர். 1947 இல் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான அவர், தோட்டத்து மக்களின் வாழ்வைக் கவிதையிலும் கதையிலும் எழுதி, அவர்களுடைய நாட்டார் பாடல்களையும் திரட்டினார். ஒருவர் தொடங்கி வைத்த பணியை எத்தனை பேர் தொடர்ந்தோம்?

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலய முற்றத்தை விடியற்காலையிலே கூட்டிப் பெருக்கி, பூப்பறித்து வைக்கும் முதிய தாயார் ஒருவர் இருந்தார். பென்சன் எடுக்கும் வரை கொழுந்து பறித்தவர். எல்லோரும் அவரை "அம்மாயி" என்றே அழைப்போம். பூசைக்கு நேரமாகும் அவசரத்தில், "கொஞ்சம் தள்ளுங்க அம்மாயி" என்று சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் அவரைக் கடந்து சந்நிதிக்குப் போயிருக்கிறேன். அவர் காலமானபோது அனுதாபப் பத்திரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பேனாவை எடுத்த பின்னரே அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன். பேரன் அடையாள அட்டையைக் கொண்டு வந்து காட்டிய பின்னர் எழுதினேன். அதற்குமுன் நாம் வெளியிட்ட மலரிலே உபயகாரர்களின் படங்கள் எல்லாம் இருந்தன; அவருடைய படம் இல்லை. விறன்மிண்டர் அன்று எங்கள் வாயிலில் நின்றிருந்தால் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைப்பதுண்டு.

திருத்தொண்டத்தொகையிலே தனியடியார்களோடு ஒன்பது தொகையடியார்களும் போற்றப்படுகின்றனர். அவர்களுள் ஒரு கூட்டத்தாருக்கு அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று பெயர். தமிழ்நாட்டுக்கு அப்பாலும், அக்காலத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த அடியார்களையெல்லாம் அது குறிக்கும். பட்டியலை மூடிவிடாமல் சுந்தரர் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். அக்கதவின் வழியே எங்கள் அம்மாயியும் உள்ளே போயிருப்பார் என்று நம்புகின்றேன்.

ஆகவே அடியார்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மலரிலே சில பக்கங்களை ஒதுக்குவோம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் வீட்டுத் தாத்தா, பாட்டியிடமும், தப்பு அடிப்பவரிடமும், மாலை கட்டுபவரிடமும், மடைப்பள்ளியில் விறகு அடுக்குபவரிடமும் சென்று அமர்ந்து, எங்கே பிறந்தீர்கள், என்ன செய்தீர்கள், எதற்காக அழுதீர்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை, சேக்கிழாரும் மறைக்கவில்லை. கேட்டு எழுதும் பிள்ளை நாளை அவர்களைப் பெயர் சொல்லி வணங்கிய பின்னரே சந்நிதிக்குச் செல்லும். அப்பணிக்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணைநிற்பதாக.